கடையை மூடவும் சொல்லிக்கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடை திறப்பு விழாக்களுக்கு நம் பத்திரிகைகளில் குறையே இல்லை. குத்துவிளக்கு, சட்டமன்ற உறுப்பினர், ரோஜா மாலை எல்லாம் வண்ணப்படமாக வரும். அதே கடை ஒன்றரை வருடத்தில் ஷட்டரை இறக்கினால் ஒரு வரியும் வராது. யாருடைய அவமானத்தையும் அச்சில் ஏற்றச் சொல்லவில்லை. நொடித்த கடையை ஒழுங்காக மூடுவது எப்படி என்று சொல்லித்தர வாரம் ஒரு பத்தி ஒதுக்குங்கள் என்றுதான் கேட்கிறோம்.

சுங்கை சிப்புட், கூலிம், சிகாமட் என்று எங்கிருந்தோ வந்து கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸிலும் செந்தூலிலும், பினாங்கில் லெபோ பாசார் பக்கமும் கடை போட்டு விழுந்தவர்கள் பலர் ஊர்ப்பக்கம் தலைகாட்டுவதே இல்லை. தீபாவளிக்குக்கூட “வேலை இருக்கு” என்று சொல்லிவிடுகிறார்கள். அவர்களிடம் வந்து பேசுகிறவர்களில் ஒரு சாரார் “நான் அப்பவே சொன்னேன்” என்பார்கள். இன்னொரு சாரார் தோல்விதான் வெற்றிக்கு முதல் படி என்பார்கள். இரண்டு பேச்சாலும் காய்கறிக்காரர் பாக்கியில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) குறையாது. தான் எங்கே விழுந்தோம் என்பதை எண்ணில் பார்த்துவிட்டவர்தான் “எனக்கு ராசியில்லை” என்ற புலம்பலிலிருந்து வெளியே வருகிறார். கடையை நடத்திய காலத்தில் கற்காத தொழிலை, மூடும் மூன்று நான்கு மாதத்தில் கற்றுக்கொள்ள முடியும்.

முதலில் உட்கார்ந்து செய்யவேண்டியது ஒரு பக்கக் கணக்கு. கடைசி 12 மாத வங்கி அறிக்கை, சாமான் வாங்கிய பில்கள், பாக்கி எழுதிய 555 புத்தகம், மூன்றையும் மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். கல்லாவிலிருந்து வீட்டுக்கு எடுத்ததை எல்லாம் ஒரு நிறத்தில் கோடிடுங்கள். காருக்குப் போட்ட எண்ணெய், பிள்ளையின் டியூஷன், அம்மாவுக்கு அனுப்பியது எல்லாம் அதில் அடங்கும். பலருக்குப் பாதி விடை இங்கேயே கிடைத்துவிடும்.

ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையை எடுத்துக்கொள்வோம். ஒரு நாள் விற்பனை 1,400 வெள்ளி, மாதம் 26 நாள், ஆக 36,400. சாமான் செலவு நூற்றுக்கு நாற்பது என்றால் 14,560 போய் 21,840 நிற்கும். வாடகை 6,000. ஆறு பேர் சம்பளம் 12,000. ஊழியர் சேமநிதி, சொக்சோ எனும் தொழிலாளர் காப்புறுதி எல்லாம் சேர்த்து 1,700. மின்சாரம், தண்ணீர், கேஸ் 2,600. கூட்டினால் 22,300. முதலாளி ஒரு காசும் எடுக்காத நிலையிலேயே 460 வெள்ளி துண்டு. வீட்டுக்கு 3,000 எடுத்தால் மாதம் 3,460 ஓட்டை. தன் சம்பளமும் சேர்த்துச் சமன் ஆக, 25,300-ஐ 0.6-ஆல் வகுத்தால் மாத விற்பனை சுமார் 42,170 வேண்டும். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1,622. ஆக, கூட்டம் நிறைந்த கடைபோலத் தெரிந்தது ஒவ்வொரு நாளும் 222 வெள்ளி குறைவாக விற்றுக்கொண்டிருந்தது. அது ஏன் உடனே தெரியவில்லை? கோழிக்காரரும் அரிசிக்காரரும் கொடுத்த 30 நாள் தவணை அந்த ஓட்டையை மூடி வைத்திருந்தது. தவணை நின்ற வாரம் கடை நின்றது.

உணவு கொண்டுபோகும் கைப்பேசிச் செயலி வழி போன விற்பனையைத் தனியே பாருங்கள். நூறு வெள்ளிக்கு 40 சாமான், 30 தரகு, 4 பொட்டலம் என்றால் கையில் நிற்பது 26. மேசையில் பரிமாறியதில் 60 நின்றது. இரண்டையும் ஒரே விற்பனையாகக் கூட்டியவர், வியாபாரம் ஏறுகிறது என்று நம்பி இன்னொரு ஆளை வேலைக்கு வைத்திருப்பார்.

ஊரில் நன்றாக ஓடிய கடை கோலாலம்பூரில் ஏன் விழுகிறது என்று கேட்கிறார்கள். ஊர்க்கடையின் கணக்கை எவரும் முழுதாக எழுதியதில்லை என்பதே விடை. அங்கே கடை சொந்தக் கட்டடம், அல்லது தெரிந்தவர் கட்டடம். காலையில் தேங்காய் துருவ அம்மா, கல்லாவில் அண்ணி, லீவு நாளில் தம்பி. இந்த மூன்று ஜோடிக் கைகளுக்கும் சம்பளம் போட்டு, இடத்துக்குச் சந்தை வாடகையும் போட்டுப் பார்த்தால், ஊரிலேயே அந்தக் கடை லாபத்தில் இருந்ததா என்பது சந்தேகம். தலைநகரில் அந்தக் கைகள் ஒவ்வொன்றும் ஒரு சம்பளச் சீட்டு. அதோடு, அலுவலகக் கட்டடங்களுக்கு நடுவில் கடை எடுத்தவருக்கு வாரத்தில் ஐந்து நாள் மதியம் மட்டும்தான் வியாபாரம்; வாடகையோ முப்பது நாளுக்கும் ஓடும். ஜார்ஜ்டவுனில் சுற்றுலாக் கூட்டத்தை நம்பியவருக்கு இது தலைகீழ்: சனி ஞாயிறு கை ஓயாது, செவ்வாய் புதன் ஈ ஓட்டவேண்டும். சமையல் கைப்பக்குவத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இதைப் புரிந்துகொண்ட அன்றே பாதிப் பாரம் இறங்கிவிடும்.

இனி மூடும் வேலை. யாருக்கு முதலில் கொடுப்பது என்பதில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். சத்தம் போடுகிறவருக்கு முதலில் கொடுத்துவிடுகிறோம். கொடுக்கவேண்டிய முதல் ஆள் வேலைக்காரர். இரண்டு வருடத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு 4 வாரம், ஐந்துக்குக் குறைவானவருக்கு 6 வாரம், அதற்கு மேல் 8 வாரம் முன்னறிவிப்பு என்பது 1955 வேலைச் சட்டம். 12 மாதம் முடித்தவருக்கு ஆட்குறைப்பு ஈட்டுத்தொகையும் உண்டு: சேவை ஆண்டு ஒன்றுக்கு 10 நாள் சம்பளம், இரண்டு வருடம் தாண்டினால் 15 நாள், ஐந்து தாண்டினால் 20 நாள். ஆட்குறைப்புக்கு 30 நாள் முன்பே தொழிலாளர் இலாகாவுக்குப் பி.கே. பாரம் (ஆட்குறைப்பு அறிவிப்புப் படிவம்) போகவேண்டும்.

அடுத்தது ஊழியர் சேமநிதி. சம்பளத்தில் 11 விழுக்காடு பிடித்துவிட்டு வாரியத்தில் கட்டாமல் விடுவது, அடுத்தவர் பணத்தை எடுத்துச் செலவழித்ததற்குச் சமம். சிறைவரை போகும் குற்றம். செண்டிரியான் பெர்ஹாட் (தனியார் கம்பெனி) ஆயிற்றே, கம்பெனி கடன் கம்பெனியோடு போகும் என்று நினைக்கவேண்டாம். சேமநிதிப் பாக்கிக்கு இயக்குநர்கள் சொந்தமாகவே பொறுப்பு. வங்கிக் கடனுக்கும் பெரும்பாலும் அவர்களே சொந்த ஜாமீன் கையெழுத்துப் போட்டிருப்பார்கள்.

கடை வீட்டுக்காரரிடம் கடைசி நாள்வரை ஒளிந்து திரியாதீர்கள். இரண்டு மாத முன்பணம் இருக்கிறதே, அதில் கழித்துக்கொள்ளட்டும் என்று சாவியைக் கொடுத்துவிட்டு வருவது பலரின் வழக்கம். ஒப்பந்தங்களில் அதற்கு இடம் இருப்பது அபூர்வம். மீதிக் காலத்து வாடகையையும், இடத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவையும் கேட்க அவருக்கு வழி உண்டு. புகைக்குழாய், எண்ணெய்த் தொட்டி, சுவரில் பதித்த ஓடு, எல்லாம் அதில் வரும். மூன்று மாதம் முன்பே போய்ப் பேசி, அதே அடுப்படியை அப்படியே எடுத்துக்கொள்ளும் இன்னொரு சாப்பாட்டுக் கடைக்காரரைக் கூட்டிக்கொண்டு போனால் இந்தச் செலவு பெரும்பாலும் விழாது. குவாலி அடுப்பு, மாவரைக்கும் இயந்திரம், இரண்டு கதவு சில்லர் எல்லாவற்றையும் படம் எடுத்து, வாங்கிய விலையும் விற்ற விலையும் எழுதிவைத்து விற்கவும். தவணை முடியாத சாமான் உங்களுடையது அல்ல. அதை விற்றால் வழக்கு வரும்.

சின்ன வேலைகள்தான் பின்னால் கடிக்கும். தெனாகா மின்கணக்கை உங்கள் பெயரிலேயே விட்டுவிட்டு வந்தால், அடுத்தவர் போடும் குளிர்சாதனத்துக்கும் பில் உங்களுக்கே வரும். கடைசி மீட்டர் அளவோடு கணக்கை முடித்தால் முன்பணம், பாக்கி போகத் திரும்பும். தண்ணீர்க் கணக்கும் மாநகர் மன்ற உரிமமும் பெயர்ப்பலகை உரிமமும் இப்படியே. தனிநபர் வியாபாரமோ பங்காளி வியாபாரமோ, நிறுத்திய 30 நாளுக்குள் எஸ்.எஸ்.எம். எனும் நிறுவனப் பதிவு ஆணையத்தில் பாரம் சி போடவேண்டும். கம்பெனி என்றால் கடன் சொத்து எதுவும் இல்லாமல் செய்த பிறகே பெயர் நீக்க மனுப் போடமுடியும். அதுவரை ஆண்டறிக்கையும் செயலாளர் கட்டணமும் ஓடிக்கொண்டே இருக்கும். கடையின் வங்கிக் கணக்கை மட்டும் கடைசியில் மூடுங்கள். திரும்பி வரும் முன்பணம் கடைப் பெயரில் வரும்போது அதைப் போட இடம் வேண்டாமா?

பலரும் கேட்டு வியப்பது வரி விஷயம். நட்டப்பட்டவனுக்கு எதற்குப் பாரம் பி (வியாபாரிகளின் வருமான வரிப் படிவம்) என்று விட்டுவிடுகிறார்கள். ஆகஸ்ட்டில் கடையை மூடிச் செப்டம்பரில் சம்பள வேலைக்குப் போனவர், அந்த ஆண்டு வியாபார நட்டத்தை அதே ஆண்டுச் சம்பளத்தில் கழிக்கலாம். நட்டம் 20,000, நான்கு மாதச் சம்பளம் 12,800 என்றால், அந்தச் சம்பளத்துக்கு வரியே இல்லை. மாதாமாதம் சம்பளத்தில் பி.சி.பி. எனும் வரிப் பிடித்தம் செய்திருந்தால் திரும்பக் கேட்கலாம். மிச்சம் 7,200 அடுத்த ஆண்டுகளுக்குப் போகும். ஆனால் அதைச் சம்பளத்தில் கழிக்கமுடியாது. வியாபார வருமானத்தில் மட்டும்தான், பத்து ஆண்டுக்குள். மறுபடி தொழில் தொடங்கும் எண்ணம் இருப்பவருக்கு இது கையிருப்பு. பாரத்தை ஜூன் 30-க்குள் அனுப்பி, பில்களை ஏழு ஆண்டு வைத்திருக்கவேண்டும். கோபத்தில் பில் பெட்டியைக் குப்பையில் போடுகிறவர்கள் இந்த உரிமையையும் சேர்த்தே போடுகிறார்கள்.

கடன்காரர்கள் மிரட்டும்போது முதலில் வாயில் வருவது திவால். 2021 முதல் 100,000 வெள்ளிக்குக் குறைந்த கடனுக்கு ஒருவரைத் திவாலாக்க முடியாது. இதைத் தெரிந்துகொண்டால் தூக்கம் வரும். கடனைக் கட்டவேண்டாம் என்று ஆகிவிடாது, வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்கலாம். வங்கிக் கடன் இருப்பவர்கள் தாமதிக்காமல் ஏ.கே.பி.கே. எனும் கடன் ஆலோசனை நிறுவனத்துக்குப் போங்கள். 2006-இல் மத்திய வங்கியான பேங்க் நெகாரா அமைத்தது. ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. பல வங்கிக் கடன்களை ஒரே மாதத் தவணையாக மாற்றிப் பேசித் தருவார்கள். உரிமமில்லா வட்டிக்காரரான ஆலோங்கிடம் வாங்கி வங்கிக்குக் கட்டுவதைப் போல முட்டாள்தனம் வேறில்லை. உரிமம் பெற்ற கடன்காரரே ஈடில்லாக் கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கக்கூடாது. சீட்டு எனும் கூட்டுப் பணத்தை முதலிலேயே எடுத்துக் கடையில் போட்டவர்கள் சங்கடம் தனி. கூட்டு நடத்துவதே 1971 சட்டப்படி தடை. ஆனால் மீதி மாதத்தைக் கட்டாமல் விட்டால் தெருவில் நடக்கமுடியாது. அதையும் கடன் பட்டியலில் எழுதி, மாதம் 50 என்றாலும் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள்.

தங்கை பெயரிலோ மனைவி பெயரிலோ கடையைப் பதிந்திருந்தால், இந்தப் பட்டியலை முதலில் காட்டவேண்டியது அவரிடம். கடன் அவர் பெயரில்தான் சிசிரிஸ் எனும் பேங்க் நெகாரா கடன் பதிவில் நிற்கும்.

வீட்டுக்குச் சொல்வது எப்படி? தொலைபேசியில் அழுதும் வேண்டாம், மழுப்பியும் வேண்டாம். கடை இன்ன தேதி மூடியாயிற்று, கடன் இவ்வளவு, மாதம் இவ்வளவு கட்டுகிறேன், இன்ன வேலைக்குப் போகிறேன். இவ்வளவு போதும். எண் இல்லாத செய்தியைத்தான் ஊர் இட்டுக்கட்டி நிரப்பும். கேட்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள்: “எவ்வளவு போச்சு?” என்று கேட்பதற்கு முன் “சாப்பிட்டியா?” என்று கேளுங்கள். ராத்திரி தூக்கமே இல்லை, உயிரோடு இருந்து என்ன என்ற நினைப்பு வந்துவிட்டது என்றால் கணக்கு அப்புறம் இருக்கட்டும். மனம் உடைந்தவர்களின் பேச்சைக் கேட்கும் பிஃப்ரண்டர்ஸ் தொண்டர்கள் 24 மணி நேரமும் தொலைபேசியில் இருக்கிறார்கள். அரசாங்க கிளினிக்கிலும் மருத்துவரிடம் சொல்லலாம்.

வேலைக்குப் போவதை இறக்கமாக நினைப்பவர்கள் உண்டு. “நேத்து முதலாளி, இன்னிக்கு இன்னொருத்தன் கடையில தட்டு எடுக்கிறான்” என்று பேசுவார்கள்தான். அதே தொழிலில் நன்றாக ஓடும் ஒரு கடையில் ஒரு வருடம் வேலை செய்யுங்கள் என்பது எங்கள் கருத்து. சாமான் எந்த நாளில் என்ன அளவில் சொல்கிறார்கள், இரவில் குப்பைத்தொட்டியில் எத்தனை கிலோ சோறு விழுகிறது, கல்லாவை மூடும்போது யார் எண்ணுகிறார், யார் கையெழுத்துப் போடுகிறார் என்று பாருங்கள். சிசிரிஸ் அறிக்கை கடைசி 12 மாதத் தவணைப் பழக்கத்தைத்தான் காட்டும். அந்த ஒரு வருடம் தவறாமல் கட்டினால் தெக்குன் எனும் அரசு நிறுவனம் வழியாக இந்திய வியாபாரிகளுக்கு வரும் ஸ்பூமி கடனுக்கோ வங்கிக்கோ மறுபடி போகும்போது, கேட்கும் கேள்விக்குப் பதில் கையில் இருக்கும். அப்போதும் நேரே மூன்று வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவேண்டாம். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) ஒரு கடை, அல்லது சனி ஞாயிறு விருந்துச் சமையல் என்று ஆறு மாதம் நடத்தி, உங்கள் சம்பளத்தையும் செலவில் எழுதிப் பாருங்கள். வாடகையும் சம்பளமும் ஆறு மாதத்துக்குத் தனிக் கணக்கில் சேர்ந்த பிறகு கடைவீடு தேடலாம்.

இப்படிக்கு,
சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதும் இருவர்,
பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்.