வளமான பாறை, ஒரு சாண் மண்

அன்புள்ள சேதுவுக்கு,

கடிதம் கிடைத்தது. காவ்யாவுக்கு வேலை கிடைத்த செய்தியில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஊரை விட்டுப் போகிறாளே என்று நீ புலம்பியிருப்பதைத்தான் யாரும் கண்டுகொள்ளவில்லை. நீ மட்டும் இருபத்தோரு வயதில் வீட்டிலா இருந்தாய்? இங்கே எல்லோரும் நலம். எனக்குக் கண்ணாடி பவர் மறுபடி ஏறிவிட்டது, அவ்வளவுதான்.

உன் மச்சான் விஷயத்துக்கு வருகிறேன். புணேவுக்குத் தெற்கே புரந்தர் பக்கம் வாங்குவதற்கு ஒரு மலைச்சரிவைப் பார்த்திருக்கிறார், இப்போது ஆடு மேய்கிற புல் நிலம், “எரிமலைப் பாறையில் உண்டான மண் சார், கரிசல், எதை வைத்தாலும் கொட்டும்” என்று தரகர் சொல்கிறார் என்று எழுதியிருந்தாய். எரிமலைப் பாறை என்பது சத்தியமான உண்மை. மீதியை விசாரிக்க வேண்டும்.

சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் தரை பிளந்து குழம்பு வழிந்து, ஆறி, அதன் மேலேயே மறுபடி வழிந்து உண்டானது தக்காணப் பாறை. இன்றைக்கு மிஞ்சியிருப்பதே ஐந்து லட்சம் சதுர கிலோமீட்டருக்குப் பக்கம். அதனால்தான் இங்கத்து மலைகளெல்லாம் உச்சி தட்டையாக, பக்கங்களில் படிக்கட்டு வெட்டினாற்போல இருக்கின்றன. பசால்ட் என்கிற இந்த எரிமலைப் பாறையில் மணல் துகளாக மிஞ்சும் குவார்ட்ஸ் கிடையாது என்றே சொல்லலாம். சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் இரும்பும் தாராளம். நொறுங்கினால் பெரும்பாலும் களிமண்ணாகத்தான் மாறும், அதுவும் நனைந்தால் உப்பி, காய்ந்தால் சுருங்கி வெடிக்கிற ரகம். இந்த வகையில் தரகர் பேச்சு சரி: தாய்ப்பாறை பணக்காரப் பாறைதான்.

ஆனால் பாறை ஒன்றாக இருந்தால் மண்ணும் ஒன்றாக இருக்கும் என்று யார் சொன்னது? நம் கோவில்பட்டிக் கரிசலில் பெரும்பங்கு நைஸ் (gneiss) என்கிற உருமாறிய பாறையிலிருந்து வந்தது, எரிமலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மறுபக்கம் மகாபலேஷ்வரைப் பார். இதே பசால்ட். ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டி, சுண்ணாம்பையெல்லாம் கழுவிக்கொண்டு போய், உச்சியில் இரும்பு மிஞ்சிய சிவப்புச் செம்புரைக் கல்தான் மிச்சம். அங்கிருந்து கிழக்கே 100 கிலோமீட்டர் வந்தால் மழை 500, 600 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. கழுவிக்கொண்டு போகத் தண்ணீர் இல்லாததால் சுண்ணாம்பு மண்ணிலேயே தங்கிச் சுக்கானாக, அதாவது சுண்ணாம்புக் கட்டிகளாக, இறுகுகிறது.

மழைக்கு அடுத்தது சரிவு. உன் மச்சானுக்கு இதுதான் முக்கியம். உச்சியிலும் சரிவிலும் உண்டாகிற களி அங்கேயே நிற்பதில்லை. காலங்காலமாக மழை அதை இறக்கிப் பள்ளத்தில் சேர்த்திருக்கிறது. ஓடையோரத்தில் ஒன்றரை மீட்டர் ஆழத்துக்குக் கன்னங்கரேலென்று கரிசல் இருக்கும். அதே நிலத்தில் மேலே ஏறினால் ஒரு சாண் மண், அதற்குக் கீழே முரம்பு, அதாவது பாதி நொறுங்கிய பாறை. தரகர் நிச்சயம் ஓடையோரத்தில் காரை நிறுத்தித்தான் காட்டியிருப்பார்!

சரிவில் பாதைக்கு வெட்டிய இடம் ஏதாவது இருக்கும். அங்கே நின்று பார்க்கச் சொல். மேலே கல் பரவியிருக்கும். அதைத் தள்ளினால் நாலு விரல்கடைக்கு அடர் பழுப்பில், புல்வேர் பின்னிய பொலபொல மண். அதன் கீழ் கல்லும் களியும் கலந்த ஒரு பட்டை. அதிலிருந்து ஒரு கல்லைப் பிடுங்கித் திருப்பினால் அடிப்பக்கம் மட்டும் வெள்ளையாகப் பூத்திருக்கும், நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டால் சுர்ரென்று நுரைக்கும். மழைத்தண்ணீர் கரைத்துக் கொண்டுபோன சுண்ணாம்பு அவ்வளவு தூரம்தான் இறங்கியது என்று அர்த்தம். அதற்கும் கீழே மஞ்சளும் சாம்பலுமாக முரம்பு. வெங்காயம்போல அடுக்கடுக்காக உரிந்த உருண்டைகள், ஓரம் கையால் பிசைந்தால் உதிரும், நடு உருண்டை சுத்தியலுக்கும் அசையாது.

இப்போது கணக்கைப் பார். இந்தக் களி ஒரு மீட்டர் ஆழத்துக்கு, செடி உறிஞ்சக்கூடிய தண்ணீராக, ஏறத்தாழ 150 முதல் 200 மில்லிமீட்டர் பிடித்து வைக்கும். ஒரு சாணுக்கு எவ்வளவு? 40 மில்லிமீட்டர். அதில் கல் அடைத்த இடத்தைக் கழித்தால் 30. வெயில் நாளில் 5 மில்லிமீட்டர் ஆவியாகப் போகிறது என்றால் ஒரு வாரத்துக்கு வரும். மழை இரண்டு வாரம் பொய்த்தால் பயிர் கருகும். ஆகஸ்டில் இந்தப் பக்கம் அது வழக்கமே. புல் அப்படியில்லை. மேலே காய்ந்ததுபோல் கிடக்கும், தூர் உயிரோடு இருக்கும், அடுத்த மழைக்குத் துளிர்த்துவிடும். இது புல் நிலமாக நிற்பது மண்ணில் சத்து இல்லாததால் அல்ல. சுண்ணாம்பு, மக்னீசியம், பொட்டாஷ் எல்லாம் உண்டு (தழைச்சத்தும் மணிச்சத்தும் கம்மிதான்). ஆழம் இல்லாததால் புல் நிலமாக நிற்கிறது.

அந்தப் புல்லில் ஊசிப்புல் ஒரு கெட்டிக்காரப் பயல். விதையின் வால் நனைந்தால் ஒரு பக்கம் முறுக்கும், காய்ந்தால் மறுபக்கம். முறுக்கி முறுக்கி, பொருக்குத் தட்டிய மண்ணின் வெடிப்பில் தானே துளைத்து இறங்கிவிடும். ஆட்டு ரோமத்திலும் அதையே செய்யும், தோல் வரைக்கும். அதனால் விதை முற்றுவதற்குள் மேய்த்துவிடப் பார்ப்பார்கள். முற்றிக் காய்ந்த புல்லில் புரதமும் மூன்று, நாலு சதவீதத்துக்கு இறங்கிவிடும், வயிறு ரொம்பும், உடம்பு தேறாது. தங்கர் இடையர்கள் மழை முடிந்ததும் மந்தையோடு மலை தாண்டிக் கொங்கணத்துக்கு இறங்கி, நெல் வயல்களில் கிடை போட்டு, அடுத்த மழைக்குத்தான் திரும்புகிறார்கள். இந்த மண் எத்தனை மாதம் சோறு போடும் என்று தெரிந்த நடை அது.

எனக்கு எரிச்சல் எங்கே வருகிறது என்றால், இப்படிப்பட்ட நிலத்தில் நிறையவற்றை அரசாங்க வரைபடங்கள் தரிசு என்று எழுதி வைத்திருக்கின்றன. தரிசு என்று எழுதியதும் யாராவது அதைத் ‘திருத்த’ வந்துவிடுகிறார்கள். ஜேசிபியை விட்டுச் சரிவு முழுக்க வாய்க்கால் கிழித்து, மரக்கன்று நட்டு, பெயர்ப்பலகை வைப்பார்கள். கிழித்த இடத்தில் முரம்பு மேலே வந்துவிடும், புல் தூரோடு இருந்த அந்த நாலு விரல்கடை மண் அடியில் புதைந்துவிடும். ஓநாயும் வெளிமானும் திரிந்த இடம் அது. சோலாப்பூர் பக்கம் கானமயிலுக்கென்று 1979-இல் சரணாலயம் அறிவித்தார்களே, அதுவும் இதே மாதிரிப் புல்வெளியை நம்பித்தான். நட்ட மரங்களில் பாறை வெடிப்பில் வேர் இறக்க முடிந்தது பிழைக்கும், மற்றவை குச்சியாக நிற்கும்.

சரி, மச்சான் என்ன செய்யலாம்? மாமரம்தான் என்றால் சரிவு வேண்டாம், குழி வெட்டி வெளி மண் நிரப்பியே பணம் போய்விடும். சீத்தாப்பழமும் அத்தியும் இந்த முரம்பில் சொட்டு நீரோடு வருகின்றன. புரந்தர் அத்திக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. அப்போதும் மேலே பரவிய கல்லைப் பொறுக்கி எறிய வேண்டாம் என்று சொல். மழைத்துளி மண்ணில் நேரே விழாமல் காப்பது அதுதான். சுத்தமாக இருக்கட்டும் என்று பொறுக்கினால் இரண்டு மழையில் மண் ஓடைக்குப் போய்விடும். என்னைக் கேட்டால், கீழ்ப்பாதியில் மரம் வைத்துவிட்டு மேல்பாதியைப் புல்லுக்கே விடலாம். ஆடு விடுகிறவர்களிடம் ஜூலை, ஆகஸ்டில் மட்டும் விடாதீர்கள் என்று பேசிக்கொண்டால் நல்ல புல் தழைக்கும்.

இதற்கெல்லாம் முன்னால் காகிதம். அவர் பார்த்தது ஊர்ப்பொது மேய்ச்சல் நிலமா என்று சாத்பாரா (இங்கத்து நிலப் பதிவேட்டு நகல்) எடுத்துப் பார்க்கச் சொல், அப்படியென்றால் பேச்சே இல்லை. இன்னொன்று, மகாராஷ்டிராவில் விவசாயி அல்லாதவர் விவசாய நிலத்தைச் சும்மா வாங்கிவிட முடியாது. உங்கள் ஊர் நிலம் அவர் பெயரில் இருந்தால் அது இங்கே செல்லுமா என்று ஒரு வக்கீலிடம் கேட்டுவிட்டு முன்பணம் கொடுக்கட்டும்.

நிலத்தை நானும் ஒருமுறை பார்த்துவிடுகிறேன், நீயும் கிளம்பி வா. செப்டம்பரில் வந்தால் புல் இடுப்பளவு நிற்கும். அக்டோபர் கடைசி என்றால் ஊசிப்புல் சாக்ஸ் முழுக்க ஏறும், பிடுங்கவே ஒரு மணி நேரம் ஆகும். காவ்யா எந்த ஊருக்குப் போகிறாள் என்று எழுதவே இல்லையே? முகவரி அனுப்பு.

அன்புடன்,
இளங்கோ