இறக்க இரண்டு ஆள் விடுங்கள்

பார்சல் லாரி நிறுவன உரிமையாளர்களுக்கும் கிளை மேலாளர்களுக்கும் வணக்கம்.

சென்னை ரிச்சி தெருவில் ஸ்பீக்கர் வாங்கி, உங்கள் லாரியை நம்பித் திருநெல்வேலிப் பக்கம் கொண்டுவரும் மைக்செட்காரர்களில் நானும் ஒருவன். எங்கள் பெட்டிகள் எந்தக் கோலத்தில் வந்து சேருகின்றன என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அதனால் நேராகவே கேட்டுவிடுகிறேன். பெரிய ஸ்பீக்கர் பெட்டியை இறக்க இரண்டு ஆள் விடுங்கள்.

போன ஆடியில் பதினெட்டு இஞ்ச் பேஸ் பெட்டி இரண்டு வந்தது. அனுப்பிய கடைக்காரர் பேக்கிங்கில் ஒரு குறையும் வைக்கவில்லை. பெட்டியைச் சுற்றி ஃபோம் ஷீட், மூலைக்கு மூலை தடித்த அட்டை, அதற்கு வெளியே பிளைவுட் கூடு. ஆணி குலுக்கலில் கழன்றுவிடும் என்று எல்லாம் ஸ்குரூ. ஸ்பீக்கரின் முகத்தில் அதிர்ந்து சத்தம் எழுப்பும் கூம்பான கோனில் எதுவும் குத்திவிடாமல் முன்னால் ஒரு பலகை. ஸ்பீக்கரின் பிளஸ், மைனஸ் இரண்டையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிட்டிருந்தார். அப்படி இணைத்தால் கோனோடு ஒட்டியிருக்கும் கம்பிச் சுருளான காயில் (coil) பிரேக் பிடித்த மாதிரி நின்று, ரோட்டுக் குலுக்கலில் கோன் தன் இஷ்டத்துக்கு ஆடாது. நாலு பக்கமும் மேல்நோக்கி அம்புக்குறி. கூட்டோடு ஒரு பெட்டி எழுபது கிலோ.

அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடி, மதுரையில் வண்டி மாறி வந்த பெட்டி, என் கண் முன்னால் கடைசி நாலடியில் கெட்டுப்போனது. இறக்க நின்றது ஒரே ஒரு லோடுமேன். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். தரையில் பழைய டயரைப் போட்டுவிட்டு, பெட்டியை லாரி விளிம்புக்கு இழுத்து, "தம்பி, தள்ளி நில்லுங்க" என்றார். நான் ஓடிப்போய்ப் பிடிப்பதற்குள் பெட்டி நின்றவாக்கில் டயரில் விழுந்து, ஒரு துள்ளு துள்ளிச் சரிந்தது. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. எழுபது கிலோவை ஒற்றை மனிதர் வேறு எப்படி இறக்குவார்? அவருடைய இடுப்புக்கும் சேர்த்துத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

டயர் துணி மூட்டையைக் காப்பாற்றும், ஸ்பீக்கரைக் காப்பாற்றாது. பேஸ் பெட்டிக்குள் இருக்கும் பெரிய ஸ்பீக்கரான வூஃபரின் கனமெல்லாம் பின்னால் இருக்கிற காந்தத்தில். பிரேமின் முதுகில் பசையின் பிடியில் அது தொங்கிக்கொண்டிருக்கிறது. பெட்டி தரையில் மோதி நின்ற பிறகும் காந்தம் இன்னும் கீழே போகத்தான் பார்க்கும். காயில் ஆடுகிற சந்தில் இரண்டு பக்கமும் ஒரு மில்லிமீட்டர்கூட இடைவெளி கிடையாது. காந்தம் ஒரு மயிரிழை நகர்ந்தால் காயில் உரசும். வெளியே ஒரு கீறல் இருக்காது.

வீட்டில் பிரித்ததும் கோனில் இரண்டு கையையும் பரப்பி மெல்ல அழுத்தினேன். முதல் பெட்டியில் பஞ்சு மாதிரி உள்ளே போய் வந்தது. இரண்டாவதில் விரல் நுனியில் ஒரு நறநறப்பு. காதை வைத்துக் கேட்டேன், மணல் கிடக்கும் சிமெண்ட் தரையில் செருப்பு தேய்வது போலிருந்தது. மறுநாள் பக்கத்து ஊரில் அம்மன் கோயில் கொடைத் திருவிழா. அலைந்தும் மாற்றுப் பெட்டி கிடைக்கவில்லை. வடக்குப் பக்கம் வைத்த அந்தப் பெட்டி கரகரவென்று கத்தியதில் அரை மணி நேரத்தில் நிறுத்திவிட்டேன். ஊர்ப் பெரியவர் வந்து, "ஏ தம்பி, வடக்க ஒண்ணும் கேக்கலியே" என்றார். எனக்கு வாயே எழவில்லை. பேசிய வாடகையில் பாதிதான் வாங்கினேன், மீதியைக் கேட்க மனசு வரவில்லை.

உங்கள் கிளையில் போய்ச் சொன்னால், "பெட்டியில அடியே இல்லையே அண்ணாச்சி, கையெழுத்தும் போட்டுட்டீங்களே" என்கிறார்கள். கையெழுத்துப் போடாமல் நீங்கள் பெட்டியைத் தொட விடுவதில்லை. தொட்டுப் பார்க்காமல் உள்ளே என்ன ஆனதென்று எனக்கு எப்படித் தெரியும்? ரசீதில் குத்தியிருக்கும், சேதமானால் சரக்குக்காரரே பொறுப்பு என்கிற 'ஓனர்ஸ் ரிஸ்க்' முத்திரையை விரல் வைத்துக் காட்டினார்கள். அந்த முத்திரை கவனக்குறைவுக்கு மன்னிப்பு ஆகாது. சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துக்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டமும் 2011-இல் வந்த விதிகளும், நீங்கள் கூடுதல் பொறுப்பு ஏற்பதற்கான ரிஸ்க் கட்டணம் கட்டாத சரக்குக்குக்கூட லாரி வாடகையின் பத்து மடங்கு வரை உங்களைப் பொறுப்பாக்குகின்றன. அந்தக் கூடுதல் கட்டணம் கட்டுகிறீர்களா என்று எந்த கவுண்டரிலும் இதுவரை என்னிடம் ஒருவர் கேட்டதில்லை. புக் செய்த 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்தால் கோர்ட்டுக்கும் போகலாம்.

ஆனால் கோர்ட்டுக்குப் போவது என் எண்ணமில்லை. மைக்செட்டை விட்டுவிட்டு வாய்தாவுக்கு அலைய என்னால் முடியாது. உங்கள் ரசீதிலேயே 'ஹமாலி' என்று ஒரு வரி இருக்கிறது. ஏற்றுகூலி இறக்குகூலி என்று பெட்டிக்குப் பெட்டி வாங்குகிறீர்கள். டீசல் விலை ஏறும்போதெல்லாம் வாடகையை ஏற்றினீர்கள், பெட்டி இடத்தை அடைக்கிறது என்று எடைக்குப் பதில் அளவுக்குக் காசு போட்டீர்கள். எல்லாவற்றையும் கொடுத்தோம். அந்தக் காசில் இன்னொரு ஆளை நிறுத்துங்கள் என்றுதான் கேட்கிறேன்.

அதற்கடுத்து வாங்கிய ஜோடிக்கு வூஃபர்களைக் கழற்றி, ஒன்றை மடியிலும் ஒன்றைக் காலிடுக்கிலும் வைத்து ராத்திரி முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்து வந்தேன். ஒவ்வொன்றும் பன்னிரண்டு கிலோ. விழுப்புரம் தாண்டுவதற்குள் தொடை மரத்துப்போனது. வெறும் மரப்பெட்டிகளை மட்டும் உங்கள் லாரியில் போட்டேன்.

பங்குனிக் கொடைகளுக்கு இன்னும் நாலு பெட்டி சென்னையில் கட்டி முடித்து நிற்கிறது. இந்த முறை வூஃபரைக் கழற்றாமல் உங்கள் லாரியிலேயே போடுகிறேன். டெலிவரி எடுக்கும்போது, கையெழுத்துக்கு முன்னால் கூட்டைப் பிரித்துக் கோனை அழுத்திப் பார்க்கப் பத்து நிமிடம் கொடுங்கள். ஐயா, தயவுசெய்து இறக்க இரண்டு ஆள் விடுங்கள். மூன்றாவதாக நானும் ஒரு கை பிடிக்கிறேன்.

இப்படிக்கு,
திருநெல்வேலி மாவட்டத்து மைக்செட்காரன் ஒருவன்