சேலத்தில் யாரிடம் என்ன கேட்பது

அஸ்தம்பட்டி,
சேலம் – 636007

அன்பிற்குரிய நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. மகளுக்குச் சேலத்துக்கு மாறுதல் வந்திருக்கிறது என்பதையும், நீங்களும் தங்கையும் கும்பகோணத்து வீட்டைப் பூட்டிவிட்டுப் பேரக்குழந்தைகளோடு இங்கேயே வந்துவிட எண்ணியிருக்கிறீர்கள் என்பதையும் படித்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி கொஞ்சமல்ல. திருச்சி ஆர்.எம்.எஸ். என்ற ரயில்வே தபால் பிரிவில் இரவெல்லாம் தபால் பிரித்த காலத்தில் சேலம் நம் இருவருக்குமே சில பின்கோடு எண்களாகத்தான் இருந்தது. 636003 என்றால் அம்மாபேட்டை, 636005 என்றால் சூரமங்கலம், 636601 என்றால் ஏற்காடு என்று கை தானாகப் பிரித்துப் போடும். அந்த எண்களுக்குள் இருந்த தெருக்களை நான் நடந்து பார்த்துவிட்டேன். இனி நீங்களும் பார்க்கப்போகிறீர்கள்.

நான் ஊரில் இல்லாத வாரமாகப் பார்த்து நீங்கள் வந்து போனதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனாலும் ஒரு பகல் முழுக்க முன்பின் தெரியாதவர்களிடமே விசாரித்து, அவர்கள் சொன்னதையெல்லாம் எழுதி அனுப்பியிருக்கிறீர்களே, அது நல்ல காரியம். ஆட்டோக்காரர் ஃபேர்லேண்ட்ஸைத் தவிர வேறெங்கும் குடியிருக்க முடியாது என்றார். டீக்கடைக்காரர் அம்மாபேட்டையைப்போல் மனிதர்கள் உள்ள இடம் கிடையாது என்றார். ஒருவர் தண்ணீருக்குக் குறைவே இல்லை என்றும், இன்னொருவர் குடத்தைத் தூக்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். பழைய பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு பெரியவர் இந்த ஊரில் தெருவில் கால் வைக்க இடமில்லை என்று சலித்துக்கொண்டார். இதில் யாரை நம்புவது என்று கேட்கிறீர்கள்.

ஒருவரும் பொய் சொல்லவில்லை என்பதே என் எண்ணம். ஒவ்வொருவரும் தம் தெருவையும் தம் அன்றைய நாளையும் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் வந்தது கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகை வாரம். அந்த நாட்களில் டவுன் முழுவதும் ஜனத்திரள். குகையிலும் செவ்வாய்ப்பேட்டையிலும் வண்டி வேடிக்கை என்னும் அலங்கார வண்டி ஊர்வலம் பார்க்க வெளியூர்களிலிருந்தெல்லாம் வருவார்கள். கால் வைக்க இடமில்லை என்று பெரியவர் சொன்னது அந்த வாரத்துக்கு முழு உண்மை. அதே தெருவில் கார்த்திகை மாதத்து மத்தியானத்தில் போய்க் கேட்டிருந்தால் வேறு பதில் வந்திருக்கும்.

இத்தனை ஆண்டுகளில் நான் கவனித்த ஒன்றைச் சொல்கிறேன். கேட்ட மாத்திரத்தில் பதில் சொல்பவர் பெரும்பாலும் தம்மைப் பற்றித்தான் சொல்கிறார். பதிலுக்கு முன் உங்களைப் பார்த்து இரண்டு கேள்வி கேட்பவர் எவரோ, அவரிடம் நின்று பேசுங்கள். இந்த ஊரின் அமைப்பே அந்தப் பழக்கத்தைக் கொஞ்சம் கற்றுக்கொடுத்திருக்கிறது. பஸ் ஸ்டாண்டு எங்கே என்று கேட்டால், விஷயம் தெரிந்தவர் "புதுசா, பழசா?" என்று கேட்பார், வெளியூர்ப் பேருந்துகளுக்குப் புதியது, டவுன் பஸ்ஸுக்குப் பழையது. ரயில் நிலையத்துக்கு வழி கேட்டால் "ஜங்ஷனா, டவுனா?" என்பார், ஜங்ஷன் சூரமங்கலத்தில் இருக்கிறது, டவுன் ஸ்டேஷன் விருத்தாசலம் போகும் பாதையில் இருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொண்டு வண்டியைத் தவறவிட்டவர்கள் பலர். திருப்பிக் கேட்காமல் கையை நீட்டி வழி காட்டுகிறவரிடம் நன்றி சொல்லிவிட்டு, சற்றுத் தள்ளிப்போய் இன்னொருவரிடமும் கேட்டுக்கொள்வது நல்லது. நம் மக்களுக்குத் தெரியாது என்று சொல்லி அனுப்ப மனம் வராது. அது கெட்ட எண்ணமில்லை, வந்தவர் வெறுங்கையோடு போகக்கூடாது என்ற கனிவுதான்; ஆனால் வெயிலில் நடப்பவர் நீங்கள்.

சென்ற ஆண்டு என் அக்காள் மகளுக்கு அழகாபுரத்தில் வீடு பார்க்கப் போயிருந்தோம். வீடு பார்க்க லட்சணமாக இருந்தது. வாடகையும் கட்டுப்படியாகும் தொகைதான். தெருமுனையில் வேப்பமரத்தடியில் ஓர் அம்மா இஸ்திரி வண்டி போட்டிருந்தார். அந்த வீட்டைப் பற்றி அவரிடம் கேட்டேன். பெட்டியை நிறுத்தாமலே, "எத்தனை பேரு வரப்போறீங்க? சின்னப் பிள்ளைங்க உண்டா? வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு வேலைக்குப் போறவங்க இருக்காங்களா?" என்று கேட்டார். எனக்குக் கடைசிக் கேள்வி புரியவில்லை. பிறகு அவரே விளக்கினார். அந்த வீட்டில் கார்ப்பரேஷன் தண்ணீர் குடிக்க மட்டும்தான் போதுமாம். துவைக்கக் குளிக்கவெல்லாம் போர்த் தண்ணீர். அதில் துவைத்த வெள்ளைத் துணி சில மாதங்களில் மங்கிப்போகும், காலர் ஓரம் விறைத்துக்கொண்டு பெட்டிக்கு அடங்காது, அந்த வீட்டுத் துணி எது என்று கட்டைப் பிரித்ததும் தமக்குத் தெரிந்துவிடும் என்றார். முன்பு இருந்த குடும்பம் ஏன் காலி செய்தது என்பதும் அதோடு வந்தது. வீட்டுக்காரரோ புரோக்கரோ ஒருநாளும் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். பல வீட்டுத் தண்ணீரின் கணக்கு அந்த அம்மாவின் கையில் துணியாக வந்து சேர்ந்துகொண்டே இருக்கிறது. அதைக் கேட்க ஆள்தான் இல்லை.

ஆகவே, "ஊர் எப்படி, நல்லாயிருக்குமா?" என்ற கேள்வியை இனி யாரிடமும் கேட்காதீர்கள். "கடைசியாக எப்போது தண்ணீர் விட்டார்கள்? எத்தனை மணிக்கு? எத்தனை நேரம் வந்தது?" என்று கேளுங்கள். சேலத்துக்கு வருவது மேட்டூர்த் தண்ணீர், அதாவது நீங்கள் பிறந்தது முதல் பார்த்துவரும் அதே காவிரி. 1934ஆம் ஆண்டு அணை கட்டி முடித்த ஊர் நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. மேட்டூர்த் தண்ணீர் வருவதற்கு முன் பனமரத்துப்பட்டி ஏரியை நம்பி இருந்த நகரம் இது. ஆனால் மாநகராட்சியின் 60 வார்டுகளில் ஒவ்வொன்றுக்கும் தண்ணீர் விடும் முறை வேறு, ஒரே வார்டிலும் மேட்டுத் தெருவுக்கும் பள்ளத் தெருவுக்கும் வேறு. இதைத் தெருக்குழாயடியில் நிற்கும் பெண்களைத் தவிர வேறு யாராலும் சரியாகச் சொல்ல முடியாது. தங்கையை அழைத்துவந்தால் அந்தப் பேச்சு இயல்பாக நடக்கும்.

மழைக்கும் அப்படித்தான். சேர்வராயன் மலையிலிருந்து இறங்கும் திருமணிமுத்தாறு ஊருக்குள் புகுந்து போகிறது. மலையில் கனத்த மழை பெய்த இரவில் அதன் கரையோரத் தாழ்ந்த தெருக்களில் தண்ணீர் ஏறும். அந்தப் பக்கம் வீடு பார்த்தால், வாசலில் உட்கார்ந்திருக்கும் வயதானவர் ஒருவரிடம், எதுவரை தண்ணீர் நின்றது என்று மட்டும் கேளுங்கள். வாயால் சொல்ல மாட்டார், எழுந்து வந்து சுவரில் கையை வைத்துக் காட்டுவார். அம்மாபேட்டையைப் பற்றி டீக்கடைக்காரர் சொன்னதை நான் மறுக்கவில்லை. உதவி என்றால் ஓடிவரும் மனிதர்கள் அங்கே உண்டு. ஆனால் அது நெசவாளர் பகுதி; தறிச் சத்தம் பிறந்ததுமுதல் காதில் விழுந்தவர்களுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். பகலில் போய்ப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்காமல், இரவு ஒன்பது மணிக்குமேல் அந்தத் தெருவில் சிறிது நேரம் நின்று பாருங்கள். மகள் வங்கியிலிருந்து நேரங்கழித்து வருவாள் என்பதால், கடைசி டவுன் பஸ் எப்போது, நிறுத்தத்திலிருந்து வீடு வரை விளக்கு எரிகிறதா என்பதை அதே நேரத்தில் நிறுத்தத்தருகே பூ விற்கும் பெண்ணிடம் கேட்டுக்கொள்ளலாம்.

புரோக்கர்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வாடகை நிலவரம், முன்பணம், போக்கியம் இவற்றில் அவர்கள் சொல்வதைக் கேட்கலாம். அக்கம்பக்கம் பற்றி வேண்டாம்.

ஏற்காட்டிலேயே ஒரு சிறு வீடு பிடித்தால் என்ன என்று கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். இதற்குத்தான் நான் அதிகம் யோசித்தேன். ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். கீழே சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடும் நாளிலும் மேலே விசிறி இல்லாமல் தூங்கலாம். காப்பித் தோட்டத்து நிழலும் மிளகுக் கொடியும் பார்த்தவர் மனதை விட்டுப் போகா. ஆனால் அங்கே நீங்கள் யாரைக் கேட்டீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஏரிக்கரையில் படகுக்கு நின்றவர்களையும் விடுதிக்காரரையும் கேட்டிருக்கிறீர்கள். முன்னவர் இரண்டு நாளில் இறங்கிவிடுவார். பின்னவருக்கு நீங்கள் வருவதே பிழைப்பு. தோட்டத்தில் கூலி வேலை செய்யும் பெண்களையும், மலைக் கிராமத்திலிருந்து தினமும் வந்துபோகும் மாணவர்களையும் ஐப்பசி மழையில் போய்க் கேளுங்கள். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். பெருமழையில் பாறை உருண்டு பாதை அடைபட்டால் குப்பனூர் வழியாகச் சுற்றித்தான் இறங்க வேண்டும். வயதான காலத்தில் நள்ளிரவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டால் பெரிய சிகிச்சைக்குக் கீழே சேலம் அரசு மருத்துவமனைக்கோ வேறு பெரிய ஆஸ்பத்திரிக்கோதான் வந்தாக வேண்டும். உங்கள் இரத்த அழுத்தத்தை நினைத்து இதை எழுதுகிறேன். மேலே வாழ்பவர்கள் வாழ்கிறார்கள், நன்றாகவே வாழ்கிறார்கள். அவர்களுக்கு அது பிறந்த மண். உங்களுக்கு வேண்டியது மாதம் ஒருமுறை போய்வரும் தூரத்தில் மலை இருப்பதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இவ்வளவு பேரைக் கேட்பதற்குப் பதிலாக என்னையே கேட்டால் போதாதா என்று நினைப்பீர்கள். போதாது. எனக்குத் தெரிந்தது அஸ்தம்பட்டியும் அதைச் சுற்றியுள்ள சில தெருக்களும்தான். அதோடு, நீங்கள் என் பக்கத்தில் வந்து குடியேற வேண்டும் என்ற ஆசை எனக்கு நிறைய இருக்கிறது. ஆசைப்படுகிறவன் சொல்லும் யோசனையில் குறைகள் மறைந்துபோகும். உங்களிடம் எதையும் எதிர்பார்க்காத ஒருவர், கையிலிருக்கும் வேலையைச் சற்றே நிறுத்தி, மறுபடி பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தும் உங்களுக்காக யோசித்துச் சொல்கிறாரே, அந்த வார்த்தைக்கு என் வார்த்தையைவிட மதிப்பு அதிகம் என்று நான் மனமாரக் கருதுகிறேன்.

எனவே பண்டிகையெல்லாம் முடிந்து, தங்கையோடு இரண்டு நாள் தங்கும்படி ஒருமுறை வாருங்கள். ஒரு சாயங்காலமும் ஒரு விடியற்காலையும் கட்டாயம் இருக்க வேண்டும். தண்ணீரும் தறியும் பஸ்ஸும் அந்த நேரங்களில்தான் தெரியும். நான் கூட வருகிறேன், ஆனால் பேச மாட்டேன். நீங்களே கேட்டால்தான் அவர்கள் உங்கள் முகத்தைப் பார்த்து உங்கள் குடும்பத்துக்கு ஏற்றதைச் சொல்வார்கள். புறப்படும் நாளை எழுதுங்கள். நாமக்கல் வழியாக வரும் பேருந்தில் ஏறினால் புது பஸ் ஸ்டாண்டில் வந்து காத்திருக்கிறேன். தங்கைக்கு மூட்டுவலி என்று எழுதியிருந்தீர்கள். அதனால் சாரதா கல்லூரி ரோட்டில் எனக்குத் தெரியவந்த ஒரு மாடி வீட்டைத் தள்ளிவிட்டு, கீழ்வீடாக இரண்டு மட்டும் பார்த்துவைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்