வில்லுப்பாட்டுக் கலைஞர்களின் கடிதங்களைக் காக்க: நன்கொடை வேண்டுகோள்

குமரி மாவட்டத்துப் பெரியோர்களுக்கும், ஊர்க் கமிட்டியாருக்கும், வெளியூர்களில் இருக்கும் நம்மவர்களுக்கும் வணக்கம்.

வில்லுப்பாட்டுக் குழுக்களின் வீடுகளில் கிடக்கும் அஞ்சலட்டைகள், கொடை (ஊர்க் கோயில் திருவிழா) நோட்டீஸ்கள், வரவுசெலவு நோட்டுகள், வானொலி ஒப்பந்தக் கடிதங்கள், கேசட்கள் ஆகியவற்றைச் சேர்த்துச் சுத்தம் செய்து, படியெடுத்து, அட்டவணையிட்டு வைக்கும் வேலையைத் தொடங்குகிறோம். முதல் கட்டமாக 5,000 காகிதங்களும் 120 கேசட்களும் என்று அளவு வைத்திருக்கிறோம். அதற்கு 3,11,700 ரூபாய் வேண்டும்.

வில்லில் பாடும் முத்துப்பட்டன் கதையும் பொன்னிறத்தாள் கதையும் அச்சேறிவிட்டன. ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனைப் பற்றியும் வில்லுப்பாட்டைப் பற்றியும் எழுத ஆளிருக்கிறது. ஆனால் எந்த வருஷம் எந்த ஊர்க் கொடைக்கு எந்தப் புலவர் (குழுவின் முதற்பாடகர்) வில்லடித்தார், வில்லுக்கு வலத்தே இருந்து பாடியவர் யார், இடத்தே யார், உடுக்கு யார், குடம் யார், கொடை தொடங்கும் குடியழைப்பு அன்று என்ன கதை, மதியக் கொடைக்கு என்ன கதை, பேசிய தொகை எவ்வளவு, கையில் வந்தது எவ்வளவு என்பதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் கிடையாது. அவை பரணில் சாக்கில் கட்டி வைத்திருக்கும் காகிதத்தில்தான் இருக்கின்றன. புலவர் காலமாகி, தைப்பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பரணை ஒழிக்கும்போது அந்தச் சாக்குதான் முதலில் அடுப்புக்குப் போகிறது. ஊர் முதலடி (ஊர்த்தலைவர்) வீட்டுக் கொடைக் கணக்கு நோட்டுக்கும் அதே கதிதான். தலைக்கட்டு வரி எத்தனை பேரிடம் பிரிந்தது, வில்லுக்கு எவ்வளவு, நையாண்டி மேளத்துக்கு எவ்வளவு என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கும் நோட்டு அது.

ஒரு அஞ்சலட்டையில் என்ன இருக்கும் என்று பார்ப்போம். 14 சென்டிமீட்டர் நீளம், 9 சென்டிமீட்டர் அகலம். மேலே தெய்வத்தின் பெயர் போட்டு ‘துணை’ என்று எழுதியிருக்கும். கொடை நாள், வரவேண்டிய நேரம், அச்சாரம் கொடுத்து அனுப்பும் ஆளின் பெயர், எந்தக் கதை வேண்டும் என்பது, குழுவில் எத்தனை பேர் வரலாம் என்பது, பெரும்பாலும் இவ்வளவுதான். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருப்பார்கள். பழக்கமில்லாத கைக்கு அது கறையாகத் தெரியும், துடைத்துவிடத் தோன்றும். துடைக்கவே கூடாது. மங்கல காரியத்துக்கு எழுதிய கடிதம் என்பதற்கு அந்த மஞ்சள்தான் சாட்சி. காகிதத்தில் ஏறிய அமிலத்தை நீக்கச் சில இடங்களில் காரநீரில் நனைப்பார்கள். மஞ்சள் காரத்தில் சிவந்துபோகும். ஆகவே எங்கள் வேலையில் இந்த அட்டைகளுக்கு எந்தத் திரவமும் கிடையாது. மென்தூரிகை மட்டும்தான். கொடை நோட்டீஸுக்கும் இதே விதி. ரோஸ், மஞ்சள், பச்சை என்று மலிவான சாயத்தாளில் அச்சடித்தவை அவை; ஒரு துளி நீர் பட்டாலும் சாயம் இறங்கி எழுத்தோடு கலந்துவிடும்.

நேரம் அதிகம் பிடிப்பது தேதி கண்டுபிடிக்கும் வேலைதான். பழைய கடிதங்களில் கொல்லம் ஆண்டுதான் (மலையாள ஆண்டு) இருக்கும். ஆவணியில் பிறக்கும் ஆண்டு அது. ஆவணி முதல் டிசம்பர் முடிய உள்ள தேதி என்றால் 824-ஐயும், ஜனவரியிலிருந்து ஆடி முடிய என்றால் 825-ஐயும் கூட்ட வேண்டும். 1118 ஆவணி என்றால் 1942, 1118 சித்திரை என்றால் 1943. இதைக் கவனிக்காமல் ஒரே எண்ணைக் கூட்டினால் பாதிக் கடிதங்கள் ஒரு வருஷம் தள்ளிப்போய், பதில் கடிதம் முதல் கடிதத்துக்கு முன்னால் வந்து நிற்கும். தொகையிலும் இப்படி ஒரு குழி உண்டு. திருவிதாங்கூர் ரூபாய்க்கு 28 சக்கரம் (அந்தக் காலத்துத் திருவிதாங்கூர் நாணயம்). பிரிட்டிஷ் ரூபாய்க்கு 28½ சக்கரம். கடிதத்தில் வெறுமனே ‘ரூபாய்’ என்றிருந்தால் எது என்று நாமாக முடிவு செய்யாமல், எழுதியிருப்பதை எழுதியபடியே பதிவோம்.

ஆண்டே போடாத கடிதத்துக்கு அட்டையே துப்பு தரும். திருவிதாங்கூர் அஞ்சல் அட்டை என்றால் 1951-க்கு முந்தையது; அந்த ஆண்டில்தான் திருவிதாங்கூரின் அஞ்சல் துறை இந்திய தபால் துறையோடு சேர்ந்தது. விலையில் ‘நயா பைசா’ என்றிருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடையில் அச்சிட்ட அட்டை. முகவரியில் 629 என்று தொடங்கும் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிந்தையது. நோட்டீஸில் தமிழ் மாதத் தேதியும் கிழமையும் மட்டும் இருக்கும். ஒரே தேதியும் கிழமையும் ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை திரும்பவும் பொருந்தும் என்பதால், அதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. அடியில் இருக்கும் அச்சகத்தின் தொலைபேசி எண்ணில் எத்தனை இலக்கம், ஒலி ஒளி அமைப்பு யார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஆண்டு அகப்படும். அதனால்தான் பழைய பஞ்சாங்கங்களையும் நன்கொடையாகக் கேட்கிறோம். பணம் தர முடியாதவர்கள் ஒரு பஞ்சாங்கம் தந்தாலும் அது பெரிய உதவி.

இனி, காகிதம் எப்படிக் கெடுகிறது என்பது. நம் மாவட்டத்துக்கு வைகாசிக் கடைசியில் ஒரு பருவமழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொன்று. காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டுக்கு மேல் தொடர்ந்து நின்றால் காகிதத்தில் பூஞ்சை பிடிக்கும். மழை மாதங்களில் மூடிய அறையில் அது சுலபமாக 80-ஐத் தாண்டிவிடும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தபோது போல ஓடு பறந்து நனைந்துவிட்டால், 48 மணி நேரத்துக்குள் உலர்த்தாத காகிதக் கட்டில் பூஞ்சை வந்தாயிற்று என்றே வைத்துக்கொள்ளலாம். வெயிலில் காயப்போட்டால் தாள் சுருண்டு மை வெளுக்கும். அச்சில்லாத வெள்ளைத் தாளை இடையிடையே வைத்து, மின்விசிறிக் காற்றில், நிழலில் உலர்த்த வேண்டும்.

மழையைவிட அதிகம் கெடுப்பது நல்லெண்ணத்தோடு செய்யும் காரியங்கள். கிழிந்த கடிதத்துக்கு ஒட்டும் டேப்பின் பசை சில வருஷத்தில் பழுப்பேறித் தாளுக்குள் இறங்கிவிடும். பிறகு எடுக்க வழியில்லை. லேமினேஷன் அதைவிட மோசம், சூட்டில் உருக்கி ஒட்டியது திரும்பப் பிரியாது. மைதாப் பசை ராமபாணப் பூச்சிக்கும் கரப்பானுக்கும் விருந்து. ரப்பர் பேண்ட் உருகித் தாளோடு ஒட்டும். மலிவான பி.வி.சி கவர் மையை உறிஞ்சி, எழுத்தைத் தன்மேல் எடுத்துக்கொள்ளும். அன்பு கூர்ந்து இவற்றில் எதையும் செய்ய வேண்டாம். பிரிக்காத கட்டாக, வந்த வரிசை கலையாமல், பழைய பருத்தி வேட்டித் துணியில் சுற்றித் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், வெளிச்சுவரில் படாமல் வைத்தாலே போதும்.

எங்களிடம் வந்த பிறகு நடப்பது இதுதான். முதலில் கட்டை அப்படியே படம் எடுத்து, பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் மூடி, மைனஸ் 20 டிகிரி உறைபெட்டியில் 7 நாள் வைப்போம். வெளியே எடுத்து 24 மணி நேரம் பையைத் திறக்காமல் விட்டு, மறுபடியும் 7 நாள். முதல் தடவை தப்பிய முட்டை இரண்டாம் தடவையில் சாகும். குளிர்ந்த பையை உடனே திறந்தால் காற்றின் ஈரம் தாளில் வேர்க்கும். அதனால்தான் அந்த ஒரு நாள் காத்திருப்பு. இந்தக் குளிர் பூச்சியைக் கொல்லுமே தவிர பூஞ்சையைக் கொல்லாது. பூஞ்சை பிடித்த கட்டைத் தனியறையில், முகமூடியோடுதான் பிரிப்போம். பாச்சை உருண்டையும் மருந்தும் பயன்படுத்துவதில்லை, வேலை செய்பவர்களின் மூச்சுக்கு ஆகாது.

அடுத்தது துருப்பிடித்த குண்டூசியும் ஸ்டேப்ளர் பின்னும். பின் எடுக்கும் கருவியைப் போட்டு இழுத்தால் மூலை பிய்ந்து வரும். பின்னுக்கும் தாளுக்கும் நடுவே மெல்லிய பாலியஸ்டர் துண்டைச் செருகி, மழுங்கிய தட்டைக் கத்தியால் பின்புறத்துக் கால்கள் இரண்டையும் நிமிர்த்தி, பிறகு முன்பக்கமாக மேலே தூக்க வேண்டும். துரு தாளோடு இறுகிவிட்டால், பின்னைச் சுற்றித் துருப்பொடியைத் தூரிகையால் தள்ளிவிட்டு அன்றைக்கு அப்படியே விட்டுவிடுவோம். அவசரப்படுவதால்தான் எழுத்து போகிறது. ஒவ்வொரு தாளின் பின்பக்க மூலையிலும் 2பி பென்சிலால் எண். பேனாவும் முத்திரையும் கூடாது.

படியெடுப்பது அஞ்சலட்டைக்கு அங்குலத்துக்கு 600 புள்ளி, ஏ4 தாளுக்கு 400 புள்ளி, முழு வண்ணம், இரண்டு பக்கமும். வெற்றுப் பக்கமானாலும் விடுவதில்லை. குடக்காரருக்குக் கொடுத்த பாக்கியைப் புலவர் பென்சிலால் குறித்திருப்பது பெரும்பாலும் அங்கேதான். கைப்பேசியிலேயே எடுத்துவிடலாமே என்று பலரும் கேட்கிறார்கள். கைப்பேசி ஸ்கேன் செயலிகள் தாளை வெளுப்பாக்கிக் காட்டுவதற்காக மங்கலான பென்சில் கோட்டையும் மஞ்சளையும் அழித்துவிடும். தேய்ந்த தபால் முத்திரைக்கு மட்டும் இன்னொரு படம், விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்தி வைத்து. இப்படி எடுத்தால் அட்டையின் ஒரு பக்கத்துக்கு 21 எம்.பி, ஏ4 பக்கத்துக்கு 46 எம்.பி ஆகும். கேசட் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 2 ஜி.பி. எல்லாம் சேர்ந்து 600 ஜி.பி-க்குள் அடங்கும், அதையே மூன்று கணினி வன்வட்டுகளில் எடுத்து மூன்று ஊரில் வைப்போம்.

கேசட்டில் அவசரம் கூடுதல். நாடாவை அழுத்தும் பஞ்சுத்துண்டு உதிர்ந்துபோனால் ஒலி கம்மிப்போகும், அதை மாற்றலாம். ஓட்டும் இயந்திரமும் அதைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்களும்தான் அருகி வருகிறார்கள். ஒரு மணி நேர கேசட்டைப் படியெடுக்க ஒரு மணி நேரம் ஆகும். குறுக்கு வழி இல்லை.

பணக் கணக்கு. சாமான்களுக்கு 1,64,700 ரூபாய். இதில் ஸ்கேனரும், பெரிய நோட்டீஸ்களைப் படமெடுக்கும் கேமரா தாங்கியும் விளக்குகளும் 30,000, உறைபெட்டி 20,000, ஈரம் உறிஞ்சும் இயந்திரம் 22,000, கேசட் இயந்திரமும் அதைக் கணினியோடு இணைக்கும் கருவியும் 21,000, வட்டு மூன்று 19,500, இரும்பு ராக்கு மூன்று 16,500, பெட்டி 30-க்கு 13,500, அமிலமில்லாத பருத்திக் கைக்காகிதம் 500 தாளுக்கு 9,000, பாலியஸ்டர் உறை 600-க்கு 7,200, தூரிகை, ஈரமானி, சில்லறைச் சாமான் 6,000. ராக்கு இரும்பில்தான் வேண்டும், மரம் என்றால் கறையான் ஏறும்.

கூலி 1,17,600. இருவர் சேர்ந்து ஒரு நாளில் சுத்தம், படி, பதிவு மூன்றும் முடிப்பது 60 காகிதம். 5,000 காகிதத்துக்கு 84 நாள், ஆளுக்கு நாளொன்றுக்கு 700 ரூபாய். இதை இலவசச் சேவையாகச் செய்யச் சொல்லலாமே என்பவர்களுக்கு எங்கள் பதில்: செய்யலாம், ஆனால் பாதியில் நின்றுபோகும். பெட்டியைத் திறந்து வரிசையைக் கலைத்துவிட்டுப் பாதியில் நிறுத்துவது, திறக்காமலே இருப்பதைவிடக் கெடுதல். புலவர் குடும்பத்துப் பிள்ளைகள் வந்தால் அவர்களுக்கே முதலிடம். பழைய கையெழுத்தும் கதைப் பெயர்களும் அவர்களுக்குத்தான் சட்டென்று பிடிபடும்.

அறைக்கு வாடகை இல்லை. ஓராண்டு மின்கட்டணம் 14,400, வீடு வீடாகப் போய் எடுத்துவர 15,000. மொத்தம் முன்னே சொன்ன 3,11,700. 450 ரூபாய் தந்தால் ஒரு பெட்டி, 1,400 தந்தால் 60 கடிதங்களுக்கான ஒரு நாள் வேலை.

கொடுப்பவர்கள் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். எங்களுக்கு 80ஜி பதிவு இல்லை, வருமான வரிச் சலுகை கிடைக்காது. வளைகுடாவில் இருக்கும் நம்மூர்க்காரர்கள் இந்தியப் பாஸ்போர்ட் உடையவர்களானால், தங்கள் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகத் தாராளமாக அனுப்பலாம். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர்கள் அனுப்ப வேண்டாம், அதற்கு எஃப்.சி.ஆர்.ஏ (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவு வேண்டும், அதுவும் எங்களிடம் இல்லை. எண்ணிட்ட ரசீது இல்லாமல் யாரிடமும் பணம் கொடுக்காதீர்கள். சேர்ந்த தொகையும் செலவும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பில்லோடு வெளியிடப்படும்.

காகிதம் தருபவர்களுக்கு: மூலம் உங்களுடையது. படியெடுத்த பிறகு திரும்ப வேண்டும் என்றால், உறை போட்டுத் திருப்பித் தருவோம். எங்களிடமே வைக்கச் சொன்னால் எழுத்தில் ஒப்பந்தம். கடிதம் யார் கையில் இருந்தாலும் அதன் பதிப்புரிமை எழுதியவருக்கும் அவர் வாரிசுகளுக்கும்தான், ஆகவே அவர்கள் சம்மதம் இல்லாமல் எதையும் வெளியிட மாட்டோம். கடன், நோய், குடும்பச் சண்டை, சாதிப் பெயர் சொல்லி எழுதியவை வந்தால், பதிவு செய்து மூடி வைப்போம். குடும்பத்தார் சொல்லும் காலம் வரை யாருக்கும் காட்டுவதில்லை.

தோற்பாவைக்கூத்து, களியல் (கம்படித்து ஆடும் ஆட்டம்) குழுக்களின் காகிதங்கள் வந்தாலும் வாங்கிக்கொள்வோம். அவற்றை உறைபெட்டியில் வைத்தெடுத்துப் பெட்டியில் போட்டுக் காத்திருக்க வைப்போமே தவிர, இந்தப் பணத்தில் படியெடுக்க மாட்டோம்.

பங்குனி, சித்திரை, வைகாசியில் கலைஞர்கள் கொடைக்குப் போய்விடுவார்கள், வீட்டில் ஆள் இருக்காது. ஆகவே தை, மாசியில் அகஸ்தீஸ்வரம், தோவாளை வட்டங்களிலும், ஆடி, ஆவணியில் கல்குளம், விளவங்கோடு பக்கமும் வருகிறோம். உறைபெட்டியும் ராக்கும் அதற்கு முன் வாங்கியாக வேண்டும், அவை இல்லாமல் ஒரு கட்டையும் வீட்டை விட்டு எடுத்துவர மாட்டோம். முதலில் சேரும் 36,500 ரூபாய் அவற்றுக்குத்தான்.

இப்படிக்கு,
காப்பகக் குழுவினர்,
நாகர்கோவில்