மாற்று விமானி எங்கே?

விமானப் போக்குவரத்துத் துறையின் மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். சென்ற வாரம் கொட்டும் மழையில் மீனம்பாக்கத்தில் இரண்டு முறை இறங்கப் பார்த்து, முடியாமல் பெங்களூருக்குப் போன மும்பை விமானத்தில் என் அம்மா இருந்தார். விமானி செய்தது முற்றிலும் சரி. அவருக்கு எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் மனத்தை விட்டுப் போக மறுக்கிறது. விமானியின் பணி நேரம் முடிந்துவிட்டது, மாற்று ஆள் இல்லை என்று சொல்லி நான்கு மணி நேரம் எல்லோரையும் இருக்கையிலேயே உட்கார வைத்தார்கள். அம்மாவுக்கு வயது 71. வீட்டுக்கு வந்ததும் சாப்பாடுதானே என்று இன்சுலினை முன்பே போட்டுக்கொண்டிருந்தார். கை நடுங்கி, புடவையெல்லாம் வியர்த்து நனைந்த பிறகு, பக்கத்து இருக்கைப் பெண் தன் குழந்தைக்கு வைத்திருந்த இரண்டு பிஸ்கட்டைக் கொடுத்திருக்கிறார். அந்த நேரத்தில் முன்வரிசையில் சிலர், “எப்படியாவது சென்னையிலேயே இறக்கியிருக்கலாமே” என்று விமானியைத் திட்டிக்கொண்டிருந்தார்களாம்.

எப்படியாவது இறக்கினால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். 2020 ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோட்டில் அதுதான் நடந்தது. பலத்த மழை, கேப்டன் பக்கத்து வைப்பர் ஓடவில்லை, பின்னாலிருந்து தள்ளும் காற்று. ஓடுபாதையில் பாதியைத் தாண்டிய பிறகே சக்கரம் தரையைத் தொட்டது. விமானம் பள்ளத்தில் விழுந்து உடைந்தது. 190 பேரில் 21 பேர் இறந்தார்கள். மறுநாள் காலை விமானத்தையும் அதே கேப்டன்தான் ஓட்ட வேண்டியிருந்தது, அங்கே போதிய கேப்டன்கள் இல்லை, அதுவும் அவரை இறங்கத் தூண்டியது என்று விசாரணை அறிக்கையே சொல்கிறது.

ஆகவே கேட்கிறேன்: மழை மாதங்களில் மாற்று விமானிகளைத் தயாராக வைத்திருக்க விமான நிறுவனங்களைக் கட்டாயப்படுத்துங்கள். வேறு ஊருக்குத் திருப்பினால் நாளைய பயணம் கெடும், பயணிகள் தவிப்பார்கள் என்ற கவலை, மழைக்குள் இறங்கும் விமானியின் தலையில் இருக்கக் கூடாது.

வடகிழக்குப் பருவமழை சொல்லாமல் வருவதில்லை. 2015 டிசம்பரில் இதே ஓடுபாதை தண்ணீரில் மூழ்கிக் கிடந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். தீபாவளிக்கு டிக்கெட் விலையை ஏற்ற முடிகிறவர்களால், ஐப்பசி மழைக்கு நான்கு விமானிகளைக் கூடுதலாக வைக்க முடியாதா?

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் அம்மா மறுபடியும் மும்பை போய்த் திரும்ப வேண்டியிருக்கிறது. அதற்குள் மாற்று விமானிகளுக்கான உத்தரவைப் பிறப்பிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
குரோம்பேட்டையிலிருந்து ஒரு மகள்