ஏதாவது ஒன்று போதாதா என்று கேட்டிருந்தாயே

அன்புள்ள மாலதி,

கடிதம் கிடைத்தது. அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய், நான்காம் நிலை, கல்லீரலிலும் தெரிகிறது என்று படித்ததும் கொஞ்ச நேரம் எனக்கு ஒன்றுமே ஓடவில்லை. நம் இருவருக்கும் சைக்கிள் பழக்கிவிட்டவர் அவர்தானே. என் பக்கம் எல்லாரும் நலம், பையன் வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டான், நான் இன்னும் அதே கீமோ வார்டில்தான் இருக்கிறேன். அதனால் நீ கேட்டதற்குத் தெரிந்த வரைக்கும் சொல்கிறேன்.

கீமோவும் போட்டு அதோடு இரண்டு ஊசியும் என்றால் உடம்பு தாங்குமா, ஏதாவது ஒன்று போதாதா என்பதுதானே உன் கவலை? நீ அனுப்பிய பயாப்ஸி ரிப்போர்ட்டில் ஹெர்2 என்ற இடத்தில் 3+, அதாவது மிக அதிகம், என்று இருக்கிறது பார், முடிவெல்லாம் அதை வைத்துத்தான். மார்பகப் புற்றுநோயில் 15 முதல் 20 சதவீதம் வரை இந்த வகை. ஹெர்2 என்பது செல்லின் மேல் இருக்கும் ஒரு புரதம், வளர், பெருகு என்று உள்ளே சொல்லி அனுப்புவது. சாதாரண செல்லிலும் உண்டு, இந்தக் கட்டியில் அது அளவுக்கு மீறி இருக்கிறது. அந்த இரண்டு ஊசியில் ஒன்றான டிராஸ்டுஸுமாப் அதன் மேல் ஒட்டிக்கொண்டு அந்தச் சேதியை அடக்கும். இன்னொரு ஊசியான பெர்டுஸுமாப் அதே புரதத்தில் வேறு இடத்தில் பிடித்து, பக்கத்துப் புரதத்தோடு அது ஜோடி சேராமல் தடுக்கும். டோசிடாக்செல் என்கிற கீமோ, பிரியப் போகும் செல்லைப் பாதியிலேயே நிறுத்திக் கொல்லும். அடிபட்ட செல் தேறி எழுவதற்கும் ஹெர்2 துணை வேண்டும், அதையும் அடைத்துவிடுவதால்தான் சேர்த்துக் கொடுக்கும்போது பலன் கூடுகிறது.

இது வெறும் நம்பிக்கை இல்லை. டிராஸ்டுஸுமாப் 1998இல் அனுமதி பெற்றது. 2001இல் வெளிவந்த ஆய்வில் 469 பெண்கள். கீமோ மட்டும் எடுத்தவர்களில் பாதிப் பேர் 20 மாதம் தாண்டினார்கள், ஊசியும் சேர்த்து எடுத்தவர்களில் பாதிப் பேர் 25 மாதம் தாண்டினார்கள். ஐந்து மாதம்தானா என்று உனக்குத் தோன்றும். ஆனால் பிறகு 808 பேரை வைத்துச் செய்த கிளியோபாட்ரா ஆய்வில், அக்காவுக்கு இப்போது சொல்லியிருக்கும் இதே மூன்று மருந்தும் எடுத்தவர்களுக்கு அந்தக் கணக்கு 56 மாதத்தைத் தாண்டியது, எட்டு வருடம் கழித்தும் 37 சதவீதம் பேர் இருந்தார்கள். முழுக்கக் குணமாகிவிடும் என்று நான் உன்னிடம் சொல்ல மாட்டேன், ஆனால் நாள் எண்ணிக்கொண்டு உட்கார வேண்டிய நிலையும் இல்லை இது.

நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது வேறு. கீமோவுக்கு முடிவு உண்டு, பெரும்பாலும் ஆறு சுற்று, உடம்பைப் பொறுத்து ஒன்றிரண்டு கூடக் குறைய. முடி கொட்டுவது, வாய்ப்புண், விரல் மரத்துப்போவது எல்லாம் பெரும்பாலும் அதனால் வருபவை. அது முடிந்த பிறகும் அந்த இரண்டு ஊசிகளும் மூன்று வாரத்துக்கு ஒரு தடவை தொடரும், நோய் அடங்கியிருக்கும் வரைக்கும், உடம்பு ஏற்கும் வரைக்கும். கீமோ முடிந்ததுமே வைத்தியமே முடிந்துவிட்டது என்று வீட்டில் முடிவு கட்டி, ஸ்கேனும் நன்றாக இருக்கிறதே என்று நிறுத்திவிட்டு, நோய் திரும்பிய பிறகு வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு அவ்வளவு வேதனையாக இருக்கும். தயவுசெய்து அதைச் செய்துவிடாதீர்கள்.

அப்புறம் இதயம். அந்த 2001 ஆய்வில் டிராஸ்டுஸுமாபை ஆந்த்ராசைக்ளின் வகைக் கீமோவோடு சேர்த்துக் கொடுத்தபோது 27 சதவீதம் பேருக்கு இதயம் பலவீனமானது, அதனால்தான் இப்போது அந்த வகையோடு ஒரே நேரத்தில் கொடுப்பதைத் தவிர்த்து டோசிடாக்செல், பாக்லிடாக்செல் போன்ற வேறு வகைக் கீமோவோடு கொடுக்கிறார்கள். ஆரம்பிக்கும் முன் ஒரு எக்கோ, அதாவது இதய ஸ்கேன், பிறகு சுமார் மூன்று மாதத்துக்கு ஒன்று. படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது என்றால் அடுத்த எக்கோ வரை காத்திருக்க வேண்டாம்.

முதல் நாள் ஊசி மெதுவாகத்தான் இறங்கும். பாதியில் குளிர் எடுத்து உடம்பு தூக்கிப் போடும் சிலருக்கு, காய்ச்சலும் அடிக்கும். நாங்கள் உடனே டிரிப்பை நிறுத்தி, மருந்து கொடுத்து, கம்பளி போர்த்தி, அடங்கிய பிறகு இன்னும் மெதுவாகத் தொடங்குவோம். பார்க்கப் பயமாக இருக்கும், பெரும்பாலும் முதல் தடவையோடு சரி. நிஜமாகப் பயப்பட வேண்டியது ஒவ்வொரு சுற்றுக் கீமோவும் போட்டு ஒரு வாரம் பத்து நாளில் வரும் காய்ச்சலுக்குத்தான், வெள்ளை அணு இறங்கியிருக்கும் நேரம் அது. 100.4 டிகிரியைத் தொட்டால் ராத்திரி எந்த நேரமானாலும் கிளம்பிவிடுங்கள், வீட்டில் மாத்திரை கொடுத்துப் பார்க்கலாம் என்று உட்காராதீர்கள். விடாத தலைவலி, பார்வை மங்கல் வந்தாலும் சொல்ல வேண்டும், இந்த ஊசிகள் மூளைக்குள் அவ்வளவாகப் போவதில்லை.

இன்னொன்று, அக்காவிடம் எதையும் மறைக்காதீர்கள். தன் உடம்புக்குள் என்ன போகிறது என்று தெரிந்தவர்கள்தான் சின்ன மாற்றத்தையும் சரியான நேரத்தில் வாய்விட்டுச் சொல்கிறார்கள், என் அனுபவத்தில் இது நூற்றுக்கு நூறு உண்மை.

எக்கோ ரிப்போர்ட் வந்ததும் அனுப்பு. முதல் ஊசிக்குத் தேதி குறித்துவிட்டால் உடனே சொல்லு, லீவு போட்டுவிட்டு வருகிறேன், அன்றைக்கு அக்கா பக்கத்தில் நானும் இருக்கிறேன்.

அன்புடன்,
கலா