பெண்கள் ஐக்கியத்தின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய போதகர் ஐயா அவர்களே, ஐக்கியத் தலைவி அம்மா அவர்களே, அன்புச் சகோதரிகளே, அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

ஜெபக்கூட்டங்கள், வேதாகமப் போட்டி, அறுப்பின் பண்டிகை விற்பனை எல்லாம் கர்த்தருடைய கிருபையால் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். பிடியரிசியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைக் கர்த்தருக்கென்று தனியே எடுத்துவைப்பது நம் பாட்டிமார் காலத்துப் பழக்கம். இப்போது பலரும் பணமாகத் தந்துவிடுகிறோம். இன்றும் அரிசியாகவே கொண்டுவரும் அக்காமாரை மனதாரப் பாராட்டுகிறேன்.

அந்த அரிசிதான் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கஞ்சியாகப் போகிறது. கஞ்சி, பயறு, தேங்காய்த் துவையல். விடியுமுன் அடுப்பு மூட்டினால்தான் நேரத்துக்குக் கொண்டுசேர்க்க முடியும். இந்த ஊழியத்தில் இவ்வருடம் ஒரு மனத்தாங்கல் வந்தது உங்களுக்கெல்லாம் தெரியும். ஒவ்வொரு படுக்கையருகிலும் நின்று ஜெபித்துவிட்டே கஞ்சி கொடுக்க வேண்டும் என்றார் ஒரு சகோதரி. நோயாளிக்குத் துணையாக இருப்பவர்கள் ராத்திரி முழுக்கத் தூங்காமல் பசியோடு நிற்கிறார்கள், முதலில் பாத்திரத்தை நிரப்புங்கள் என்றார் இன்னொருவர். இரண்டும் நியாயம்தான். ஆனால் பேச்சு வளர்ந்து, ஒரே வேனில் வர மாட்டோம் என்கிற அளவுக்குப் போய்விட்டது.

பிலிப்பி சபையில் எயோதியாள், சிந்திகேயாள் என்று இரண்டு பெண்கள் இருந்தார்கள். சுவிசேஷத்துக்காகத் தன்னோடு பாடுபட்டவர்கள் என்று பவுலே சொல்லுகிறார். அவர்களுக்குள்ளும் ஒரே சிந்தை இல்லாமல் போனது. இருவரில் யார் பக்கம் நியாயம் என்று அந்த நிருபத்தில் பவுல் எழுதவில்லை. ஒரே சிந்தையாயிருங்கள் என்று இருவருக்கும் புத்திசொல்லி, அவர்களுக்கு உதவியாயிருக்கும்படி தன் உத்தம கூட்டாளியைக் கேட்டுக்கொள்ளுகிறார். நம் கமிட்டியும் ஓட்டெடுப்புக்குப் போகவில்லை. தலைவி அம்மா இருவரையும் கஞ்சி ஊழியத்தில் ஒரே முறைக் குழுவில் போட்டார்கள். எனக்கு அப்போது பயமாகத்தான் இருந்தது.

இருவரும் இன்றுவரை ஒரே கருத்துக்கு வரவில்லை. ஆனால் இடவப்பாதி மழையில் ஜெபிக்கிற சகோதரி காய்ச்சலில் கிடந்தபோது, அவருடைய வேலையையும் சேர்த்துச் செய்தவர் அந்த இன்னொருவர்தான். கஞ்சி ஊற்றி முடித்தபிறகு படுக்கை படுக்கையாகப் போய் ஜெபித்தார். ஏன் என்று கேட்டதற்கு, "அது மைனிக்க (அண்ணியுடைய) வழக்கம், அவிய வராததுனால அது நிக்கக்கூடாது" என்றார். நோயாளிகளிடம் இரக்கம் காட்டுவது நமக்கு அவ்வளவு கஷ்டமில்லை, அரைமணி நேரத்தில் வந்துவிடுகிறோம். கூடவே அடுப்படியில் நிற்கிறவரை வருஷக்கணக்காகத் தாங்குவதில்தான் அன்பு வளர்கிறது என்பதை இந்த வருடம் கண்ணாரக் கண்டேன்.

டிசம்பர் 26 அன்று சுனாமியின் 20ஆம் ஆண்டு நினைவுக்குக் கொட்டில்பாடு போயிருந்தோம். 2004இல் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிறு காலை வந்த அலை குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடிக் கரைகளில் குடும்பம் குடும்பமாக வாரிக்கொண்டு போனது. அந்த ஊர்க் கத்தோலிக்க சபையின் அன்பியத்துப் (ஜெபக்குழுப்) பெண்கள் கல்லறைத் தோட்டத்தில் மெழுகுதிரி ஏற்றி ஜெபமாலை சொன்னார்கள். ஜெபமாலை நம் சபை வழக்கமில்லை என்பதால் நம்மில் சிலருக்கு முதலில் தயக்கம். அப்புறம் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் காற்றில் அணைகிற திரியை மறுபடி மறுபடி ஏற்ற முயன்றபோது, தயங்கி நின்ற பெரியம்மாவே முந்தானையால் காற்றை மறைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்கள். புறப்படும்போது அந்த ஊர்ப் பெண்கள் தாங்களும் கஞ்சி ஊழியத்துக்கு மாதம் ஒருமுறை வருவதாகச் சொல்லி, மார்ச் முதல் வருகிறார்கள்.

ஆகவே வரும் ஆண்டு முறைப் பட்டியல் மாறுகிறது. ஒவ்வொரு குழுவிலும் நம்மவர்களும் கடற்கரைச் சகோதரிகளும் கலந்திருப்பார்கள். யாரோடு சேர வேண்டும் என்று தயவுசெய்து கேட்காதீர்கள், பெயரை மட்டும் தாருங்கள். விடியற்காலை வேன் ஓட்டும் தம்பிக்கும் பாத்திரம் கழுவ உதவும் வாலிபப் பிள்ளைகளுக்கும் ஐக்கியத்தின் சார்பில் நன்றி. இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்ளுகிறேன்.

கர்த்தருடைய பணியில்,
செயலர்